நான்காவது பெயர்

1

இந்தக் கதை எனக்கு ஒரு வரிசையில் கிடைத்தது. கிடைத்தது என்பது கௌரவமான சொல். முன்னால் நின்றவன் வாய்க்குள் முணுமுணுத்ததை எட்டிக் கேட்டேன் என்பதுதான் நடந்தது. போர் முடிந்த வருடம். ஈராக்கின் மோசுல் நகரில், ஆற்றின் இடது கரையில் ஒரு பள்ளிக்கூடத்தை அலுவலகமாக்கி, வீட்டோடு எரிந்துபோன அடையாள அட்டைகளுக்குப் பதிலாகப் புதிது போட்டுக் கொடுத்தார்கள். எனக்கு முன்னால் நின்றவன் எங்கள் தெருவில் கூலர் ரிப்பேர் செய்பவன்.

அவனுக்கு ஒரு பெயர் வேண்டும். எழுதிப் பார்த்தேன்:

"ஸப்ஹான் யூனுஸ் தன்னூன் அன்று காலை கைகளைக் கழுவிக்கொண்டு —"

(இங்கேயே நிறுத்திவிட்டேன். எங்கள் ஊரில் ஓர் ஆளின் பெயர் என்றால் அவன் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர், மூன்றும் சேர்ந்ததுதான். இந்த ஒற்றை வரியை ஊறுகாய்க் கடைக்காரரிடம் படித்துக் காட்டினேன். மனிதருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"ஏம்மா உம்மு ஹாரித், என் மச்சான் உனக்கு என்ன கெடுதல் பண்ணான்?"

"ஐயோ, இது கதைங்க. நானா வச்ச பேரு."

"சோதனைச் சாவடியில நிக்கிறவன் கதைன்னா பார்ப்பான்? பேரைத்தான் பார்ப்பான். அடிச்சிடு, கண்ணு, அடிச்சிடு."

இன்னும் இரண்டு பெயர்கள் வைத்தேன். இரண்டுக்கும் ஊரில் ஆள் இருந்தது. ஒருவர் செத்துப்போனவர். அவருடைய மகன் வந்து சண்டை போட்டான்.)

ஆகவே அவன் இந்தக் கதையில் வெறும் அபூ ஷஹ்லா, ஷஹ்லாவின் அப்பா; நான் உம்மு ஹாரித், ஹாரித்தின் அம்மா என்பதுபோல. எங்கள் பேட்டையில் மூன்று அபூ ஷஹ்லாக்கள் இருக்கிறார்கள். இருக்கட்டும். பயத்தை மூன்று பேரும் பங்கு போட்டுக்கொள்ளட்டும்.

2

குமாஸ்தா எழுதிக்கொண்டே வந்தார். பெயர், அப்பா, தாத்தா. பிறகு தலையை நிமிர்த்தாமல், கூடம் முழுக்கக் கேட்கும்படி: "அம்மா பேரு?"

இங்கே ஆண்பிள்ளை யாரும் தன் அம்மாவின் பெயரை நாலு பேர் முன்னால் சொல்லமாட்டான். கல்யாணப் பத்திரிகையில்கூட மணப்பெண் "இன்னாரின் மகள்" மட்டும்தான். சின்ன வயதில் அம்மா பெயர் தெருவுக்குத் தெரிந்துவிட்டால் அதைச் சொல்லிச் சொல்லியே அழவைப்பார்கள். ஐம்பது வயதிலும் அந்தக் கூச்சம் போவதில்லை.

அபூ ஷஹ்லா திரும்பிப் பார்த்தான். வரிசையில் பாதித் தெரு நின்றது. எல்லோருக்கும் முன்னால், வாத்து மாதிரிக் கழுத்தை நீட்டிக்கொண்டு, நான்.

"ஃபாத்திமா," என்றான்.

அன்று மாலைக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. எப்படி என்று கேட்காதீர்கள். அவன் மனைவி நிதால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்: "ஃபாத்திமாவா? எங்க மாமியார் பேரு அது இல்லவே இல்ல! உங்களுக்குப் பயந்து எதையோ சொல்லியிருக்காரு அந்த மனுஷன்!"

நானும் சிரித்தேன். [இந்த வாக்கியத்தை எடுத்துவிடலாமா என்று நான்கு நாட்களாக யோசிக்கிறேன்.]

3

ஊரில் அதிகம் புழங்கும் பெயர் என்பதால்தான் அவன் அதைச் சொன்னான். அதற்குள் ஒளிந்துகொள்ளலாம் என்று நினைத்தான். அங்கே ஏற்கெனவே ஒருவன் ஒளிந்திருந்தான்.

அந்த இன்னொருவனை எனக்குத் தெரியாது. அவன் பெயரும், அவன் அப்பா பெயரும், தாத்தா பெயரும் அபூ ஷஹ்லாவுடையதே. தேடப்படுபவர்கள் பட்டியலில் இருக்கிறான். மூன்று பெயர்கள் ஒத்துப்போய் மாட்டிக்கொள்வது இங்கே வாரம் ஒரு வீட்டில் நடப்பதுதான். அதற்கென்றே நான்காவதாக அம்மா பெயரைக் கேட்கிறார்கள். அது வேறாக இருந்தால் விட்டுவிடுவார்கள்.

அந்த இன்னொருவனின் அம்மா பெயர் ஃபாத்திமா.*

இது நான்கு வருடம் யாருக்கும் தெரியாமல் கிடந்தது. அபூ ஷஹ்லா ஊரைவிட்டு எங்கும் போகவில்லை. இந்த வசந்தத்தில் பாக்தாதில் படிக்கும் ஷஹ்லாவுக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்தன. இங்கேயே சோதித்ததில் அப்பாவுடையது பொருந்தியது. குப்பாப் பலகாரமும் துணிமணியுமாகக் கிளம்பியவனை முதல் சாவடியிலேயே இறக்கிவிட்டார்கள். நான்கு பெயரும் பொருந்தியதால் ஆறு நாள் காவல். வயது ஒத்துவரவில்லை என்று பிறகு அனுப்பினார்கள். திரும்பி வந்தவன் இடது கையால் டீக் குடிக்கிறான். வலது கைக்கு என்ன ஆயிற்று என்று, நம்பினால் நம்புங்கள், நான்கூடக் கேட்கவில்லை.

ஆபரேஷன் வருகிற வியாழக்கிழமை. தள்ளிப்போட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வழியில் இன்னும் ஏழு சாவடிகள். எல்லாச் சாவடிக்காரனும் வயதைப் பார்ப்பான் என்று யார் சொன்னது?

* அந்த ஃபாத்திமா எப்படிப்பட்டவள், மகனை எங்கே தேடுகிறாள் என்று ஒரு பத்தி எழுதினேன். நன்றாக வந்திருந்தது. கிழித்துவிட்டேன். அவளைப் பற்றி இவ்வளவு தெரிந்தவள் நான் என்று யாராவது நினைத்துவிட்டால்?

4

நேற்று அவன் வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு படிவம்.

"அட்டையில அம்மா பேரை மாத்தணும்னா சொந்தக்காரங்க இல்லாத சாட்சி ரெண்டு பேரு வேணுமாம், உம்மு ஹாரித். ரொட்டிக்கடைக்காரரு போட்டுட்டாரு. இன்னொண்ணு நீங்க."

"எனக்கு உங்க அம்மா பேரே தெரியாதே, அபூ ஷஹ்லா."

"அன்னிக்கு அவ்ளோ எட்டிக் கேட்டீங்களே. இன்னிக்கு நேராவே சொல்றேன். காதைக் குடுங்க."

சொன்னான். தரையைப் பார்த்துக்கொண்டு, காது சிவக்க.

அந்தப் பெயரை இங்கே எழுதமாட்டேன். என் வயிற்றில் தங்கிய முதல் சேதி அது.

அவன் போன பிறகு படிவத்தைப் படித்தேன். "இருபது ஆண்டுகளாக நேரடியாக அறிவேன்" என்று போட்டிருந்தது. நான் அறிந்து அரைமணி நேரம் ஆகியிருந்தது. அதற்குக் கீழே சாட்சியின் பெயர், அப்பா, தாத்தா, அம்மா.

என் கணவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"கையெழுத்துப் போட்டா உன் பேரும் அந்தக் கம்ப்யூட்டருக்குள்ள போகும். தெரியுமில்ல?"

"அந்தப் பொண்ணு செத்துடும்ங்க."

"நான் அதையா சொன்னேன்? போடாதேன்னு சொன்னேனா? உள்ள போகும்னு சொன்னேன். அவ்ளோதான்."

"அவன் பொய் சொன்னது என்னாலதான்."

"உலகத்துல பாதிப் பொய் உன்னாலதான். எல்லாத்துக்கும் கையெழுத்துப் போடப் போறியா?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு எழுந்துபோய் வாசல் கதவைத் தாழிட்டார். பட்டப்பகலில்.

5

முடிவு அ: போடுகிறேன். அட்டை மாறுகிறது. வியாழக்கிழமை அப்பாவும் மகளும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில். (எனக்கே நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் மூன்று முறை எழுதிப் பார்த்தேன்.)

முடிவு ஆ: போடுகிறேன். குமாஸ்தா என் நான்கு பெயர்களையும் தட்டுகிறார். திரையைப் பார்க்கிறார். "கொஞ்சம் உட்காருங்க" என்கிறார்.

இதை நான் சும்மா கற்பனை செய்யவில்லை. போன வருடம் கண் டாக்டரிடம் போயிருந்தபோது நர்ஸ் என் பெயரை அப்பா, தாத்தா பெயரோடு கூப்பிட்டாள். இரண்டு பேர் எழுந்தோம். அவள் என்னைவிட உயரம். என்னைப் பார்த்ததும் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, முறை வருவதற்குள் வெளியே போய்விட்டாள். நான் விடுவேனா? தெருமுனைவரை பின்னாலேயே ஓடினேன். ஒரு டாக்ஸியில் ஏறிவிட்டாள். யார் அவள்? யாருடைய மனைவி? என் பெயரை வைத்துக்கொண்டு எதற்குப் பயந்து ஓடினாள்?

முடிவு இ: "அபூ ஷஹ்லா கதவைத் தட்டினான். அவள் வீட்டுக்குள்ளேயே மூச்சை அடக்கி —"

(இல்லை. "அவள்" என்று எழுதினால் நான் இல்லை என்று ஆகிவிடுமா?)

6

இன்று திங்கள். அலுவலகம் ஒரு மணிவரைதான். பதினொன்றுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான். இப்போது பத்தே முக்கால்.

உங்களைத்தான், இதுவரை கூடவே எட்டிக் கேட்டுக்கொண்டு வந்தவரே. அவனுடைய அம்மா பெயர் உங்களுக்குத் தெரியாது என்று தப்பிக்க முடியாது. நீங்கள் சரி என்றால் நான் காதோடு சொல்கிறேன். அதன் பிறகு நீங்களும் இருபது ஆண்டுகளாக அறிந்தவர். படிவம் மேஜைமேல் இருக்கிறது.

சாட்சியின் பெயர்: ____________
தந்தை: ____________
தாத்தா: ____________
தாய்: ____________

பேனாவைப் பிடியுங்கள். நான்கையும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். இந்த நான்கும் வேறு யாருக்கும் இல்லை என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்தால் கையெழுத்தைப் போடுங்கள் —

தெரியாவிட்டாலும்தான். கதவைத் தட்டுகிறார்கள்.