தூணில் பாதி, மேசையில் பாதி

என் மனைவிக்கு இரண்டு காது இருப்பதாக எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தவறு. நான்கு. முப்பது வருஷம் கடைசல் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றதில் என்னுடைய இரண்டும் போய்விட்டன; போய்ச் சேர்ந்த இடம் அவள்தான். யாராவது உரக்கப் பேசினால் மட்டும் உதட்டைப் பார்த்துப் பிடித்துக்கொள்வேன். அடுத்த தெருவில் ஒருவர் மனசுக்குள் கணக்குப் போட்டால்கூட இங்கிருந்தே, "ரெண்டு எடத்துல தப்பு" என்பாள். நான் கொஞ்சம் கூட்டிச் சொல்வேன் என்று ஒரு பேச்சு இருக்கிறது. அதை நம்ப வேண்டாம்.

நாங்கள் மரப் பேனா செய்கிறவர்கள். விரல் நீளக் கட்டையில் துளை போட்டு, அதற்குள் மெல்லிய பித்தளைக் குழாயைப் பசை வைத்து ஒட்டி, கடைந்து, தேய்த்து, கண்ணாடி மாதிரி ஆக்குவது என் வேலை. அதுவரை பிரச்சினை இல்லை. கடைசியில்தான் கண்டம். முள் பக்கத்துப் பூணையும் மூடிப் பக்கத்துப் பூணையும் அந்தக் குழாய்க்குள் அழுத்தி இறக்க வேண்டும். உள்ளே காற்றுக்குக்கூட இடம் கிடையாது. வெளியே இருக்கும் மரமோ முட்டை ஓட்டின் கனம். பூண் ஒரு மயிரிழை கோணலாக இறங்கினால் பட்டென்று விரிந்துவிடும். மூன்று நாள் வேலை குப்பைக்கு.

அதனால் நாங்கள் இரண்டு பேராகத்தான் இறக்குவோம். நான் கைப்பிரஸ்ஸின் பிடியை மெல்ல மெல்லத் திருப்புவேன். அவள் குனிந்து கட்டையோடு காதை வைத்துக்கொள்வாள். விரிவதற்கு ஒரு மூச்சு முன்னால் மரத்துக்குள் ஒரு முனகல் வருமாம். "போதும்" என்பாள். நான் கையை எடுத்துவிடுவேன். பூணைக் கழற்றி, குழாயைச் சுரண்டி, மறுபடி இறக்குவோம். பதினொரு வருஷத்தில் விரிந்தவை மொத்தம் நான்கு. அதில் மூன்று அவள் தும்மியதால்.

அந்தப் பிரஸ்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. மேசை ஆடுகிறது என்று, அதன் ஒரு தாடையை மேசையிலும் எதிர்த் தாடையைப் பக்கத்தில் மாடியைத் தாங்கும் தூணிலும் போல்ட் போட்டு முறுக்கியது நான். என் மூளைதான். "வீடே நகர்ந்தாத்தான் இது நகரும்" என்று வந்தவன் போனவனிடமெல்லாம் சொல்லிப் பெருமையடித்திருக்கிறேன்.

மாடியில் என் அக்கா. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். நான்கு வருஷமாக அவள் படியிறங்கவில்லை. "அண்ணி, கொஞ்சம் மெதுவா நடங்களேன், பூண் இறக்குறப்ப காதுல எதுவும் விழ மாட்டேங்குது" என்று என் மனைவி ஒருநாள் கேட்டாள். அவ்வளவுதான். "இனிமே என் கால் உங்க தரையிலயே படாது" என்று அக்கா சொல்லிவிட்டாள். கயிற்றில் ஒரு கூடை கட்டி, வேண்டியதையெல்லாம் சன்னல் வழியாகவே ஏற்றிக்கொண்டாள். அவள் பிடிவாதத்தைத் தட்டி விரித்தால் இரண்டு தெருவுக்குத் தார் போடலாம்.

போன மாதம் அவள் மொட்டைமாடியில் புதுத் தண்ணீர்த் தொட்டி வைத்தாள். பழையதைப் போல மூன்று மடங்கு. இருப்பது ஒரே ஆள். யானை ஏதும் வளர்க்கப் போகிறாளோ என்று நினைத்துக்கொண்டு நான் என் வேலையைப் பார்த்தேன்.

திங்கட்கிழமை ஒரு பேனா விரிந்தது. செவ்வாய்க்கிழமை இரண்டு.

"குழாய்க்குள்ள பசை நின்னுருக்கும்" என்றாள் மனைவி. உருளை அரத்தை விட்டுச் சுரண்டினேன். விரிந்தது. கட்டையின் முனை சதுரமாக இல்லையோ என்று திரும்பச் சீவினேன். விரிந்தது. குழாய் விளிம்பில் பிசிர் இருக்குமோ என்று கத்தியால் சாய்வாக வழித்தேன். தேய்க்கும்போது சூடேறி மரம் காய்ந்துவிட்டதோ என்று, பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரி நிறுத்தி நிறுத்தித் தேய்த்தேன். புதன்கிழமை ஐந்து. கருங்காலி, இரும்பு மாதிரி மரம், அதுவும்.

"ஏங்க, எல்லாமே சன்னல் பக்கமாவே விரியுது, பாத்தீங்களா?"

"வெளிச்சம் பட்டு விரியுதோ என்னவோ."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் அன்றைக்கு இன்னும் இரண்டு பேனா விரிந்திருக்கும்.

வியாழக்கிழமை காலை புதுக் கட்டையைப் பிரஸ்ஸில் வைத்தேன். பிடியில் இன்னும் கைகூட வைக்கவில்லை.

"போதும்" என்றாள்.

"நான் ஆரம்பிக்கவே இல்லியே."

"சத்தம் வந்துச்சு."

"எதுலேர்ந்து?"

அவள் கட்டையிலிருந்து காதை எடுத்து, மேசையில் வைத்தாள். பிறகு தூணில் வைத்தாள். மாடியில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தினமும் ஒன்பது மணிக்கு அக்கா தொட்டியை நிரப்புவாள். என் மனைவி தூணைக் கட்டிப்பிடித்தபடி, மோட்டார் நிற்கும்வரை அப்படியே நின்றாள். திரும்பியபோது அவள் முகத்தில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது.

"அண்ணியைக் கீழ வரச் சொல்லுங்க."

"ஏன்?"

"கருங்காலி முனகுமில்ல, அதே மாதிரிதான். ஆனா பெருசு."

நான் தெருவில் இறங்கிச் சன்னலைப் பார்த்துக் கூப்பிட்டேன். அக்கா தலையை நீட்டினாள்.

"என்னடா?"

"அக்கா, கொஞ்ச நாளைக்கு வேற எடம் பாத்துப் போயிடுவோம். தூண் முனகுதாம்."

"யாரு சொன்னது?"

சொன்னது யார் என்று சொல்லியிருக்கக் கூடாது. சொன்னேன்.

"நாலு வருஷம் முன்னாடி என் நடை அவளுக்குச் சத்தம். இப்ப நான் குடிக்கிற தண்ணியும் சத்தமா? என்னைக் கிளப்பிட்டு மேல குடியேறலாம்னு பாக்குறா. போய்ச் சொல்லு, எடுத்தா என் பொணத்தைத்தான் எடுக்கணும்னு."

பக்கத்து வீட்டு மாடியில் டெய்லர் தைத்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். வாயில் ஊசியை வைத்துக்கொண்டே சிரித்தார். "தாத்தா, தூணுக்கு இருமல் மருந்து குடுத்துப் பாருங்களேன்!"

உள்ளே வந்து சொன்னேன். "அவங்க சொன்னபடியே நடந்துடும்" என்றாள் மனைவி. என் முதுகில் பல்லி ஓடின மாதிரி இருந்தது. பல்லி ஒன்றும் ஓடவில்லை. இதை மட்டும் நான் கூட்டிச் சொல்லவில்லை.

அன்று முழுக்க யோசித்தேன். கெஞ்சினால் அக்கா வர மாட்டாள். மிரட்டினால் வரவே மாட்டாள். வெள்ளிக்கிழமை காலை, அவள் கூடையை இறக்கியதும், விரிந்த பேனாக்களில் ஏழு எடுத்து அதில் போட்டு ஒரு சீட்டும் வைத்தேன். "ஏழும் ஒரே பக்கம் விரிந்திருக்கிறது. காரணம் தெரியவில்லை. கணக்கு படித்தவர்களுக்கும் தெரியாது என்று என் மனைவி பந்தயம் கட்டுகிறாள்."

கூடை மேலே போனது. மேலே மோட்டார் ஓட ஆரம்பித்தது. மோட்டாரின் நடுக்கம் தரை வழியாக எனக்கே தெரிந்தது. பத்து நிமிஷம் கழித்துப் படியில் செருப்பைக் கண்டேன். அக்கா. ஒரு கையில் பேனாக்கள், இன்னொரு கையில் மூலைமட்டம். என் மனைவி அங்கே இல்லாத மாதிரி அவளைத் தாண்டி வந்தாள்.

"மரம் தப்பு பண்ணா கண்ட பக்கமெல்லாம் விரியும்டா. ஒரே பக்கம் விரிஞ்சா, அழுத்துற கை கோணல். இதுக்கு ஒரு பந்தயமாம்."

மூலைமட்டத்தைப் பிரஸ்ஸில் வைத்தாள். இரண்டு தாடைக்கும் நடுவே வெளிச்சம் ஆப்பு மாதிரி தெரிந்தது. மேசைப் பக்கத்துத் தாடை நேர். தூண் பக்கத்துத் தாடை சாய்ந்திருந்தது.

"போல்ட்டை நேரா முறுக்கத் தெரியலை உனக்கு" என்றவள், போல்ட்டைப் பார்த்தாள். அது தூணோடு ஒட்டிச் சரியாகத்தான் இருந்தது. தூணை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு என் மேசையிலிருந்து ஒரு நூலை எடுத்து, நுனியில் பித்தளைப் பூண் ஒன்றைக் கட்டி, தூணின் உச்சியிலிருந்து தொங்கவிட்டாள். பூண் ஆடி ஆடி நின்றது. மேலே நூல் தூணைத் தொட்டது. கீழே நூலுக்கும் தூணுக்கும் நடுவே என் கட்டைவிரல் போனது.

"தூணே சாஞ்சிருக்குடா" என்றாள் அக்கா.

"அண்ணி" என்றாள் என் மனைவி. "மோட்டார் ஓடுதா?"

"ஓடுது."

"எவ்வளவு ரொம்பியிருக்கும்?"

"முக்கால்." அக்கா படியைப் பார்த்தாள். "சுவிட்ச் மேலதான் இருக்கு. போய் அணைச்சிட்டு வந்துடறேன்."

முதல் படியில் அவள் கால் வைத்தாள். என் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நான்கு வருஷத்தில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் தொட்டது அப்போதுதான். அக்கா உதறினாள். அவள் விடவில்லை. அப்படியே இழுத்துக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டாள். நான் கையில் அகப்பட்ட ஒரு கட்டையோடு பின்னால் ஓடினேன். ஏன் அதை எடுத்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

எதிர்ப்பக்கச் சுவரோரமாக நின்றோம். வீடு எப்போதும் போல இருந்தது. சன்னலில் கூடை தொங்கிக்கொண்டிருந்தது. டெய்லர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன தாத்தா, தூண் தும்மப் போகுதா? ஒதுங்கி நிக்கிறீங்க?"

பக்கத்தில் என் மனைவி தலையைச் சாய்த்தாள். பிரஸ்ஸில் குனியும்போது சாய்ப்பாளே, அதே சாய்ப்பு.

"போதும்" என்றாள்.

அந்த வார்த்தைக்குக் கையை எடுத்தே எனக்குப் பழக்கம். எடுத்தேன். கட்டை கீழே விழுந்தது. ஆனால் மேலே தண்ணீரை ஏற்றிக்கொண்டிருந்த கை என்னுடையது இல்லை.

ஒரு மூச்சு.

எனக்குச் சத்தம் கேட்கவில்லை. பார்த்தேன், அவ்வளவுதான். சன்னல் பக்கமாக, மேலிருந்து கீழே, ஒரே கோடு. என் கருங்காலி எப்படி விரிந்ததோ அப்படியே. பிறகு தொட்டி இருந்த இடத்தில் வானம் இருந்தது. தூசி வந்து எங்கள் மூன்று பேரையும் ஒரே நிறத்துக்கு மாற்றியது. தெருவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் ஓடியது. சரி, கணுக்கால் அளவு.

அக்கா இன்னும் மூலைமட்டத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்தாள். இன்னொரு கை என் மனைவியின் கைக்குள்ளேயே இருந்தது. இப்போது பிடித்திருந்தது யார் என்று சொல்ல முடியாது.

டெய்லர் சிரிப்பை நிறுத்தியிருந்தார். எங்கள் வீட்டில் மிச்சம் நின்றது அவரோடு பங்கு போட்ட சுவர் ஒன்றுதான். என் மனைவி அந்தச் சுவரையே பார்த்தாள். மெல்லத் தலையைச் சாய்த்தாள்.

"டெய்லர்..." என்று மேலே பார்த்துக் கூப்பிட்டாள்.

அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வாயில் ஊசியோடு, தைத்துக்கொண்டிருந்த சட்டையைப் பாதியில் விட்டுவிட்டு, மனுஷன் படியிறங்கி ஓடி வந்துகொண்டிருந்தார்.