ஒன்பதாயிரம் வரிகளுக்குச் சொந்தக்காரர்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், ஆலைகளுக்கான கணினிகளைச் செய்யும் சிறு நிறுவனம் ஒன்றில், 2008ஆம் ஆண்டு ஹனீப் என்பவருக்கு ஒரு நோய் கண்டது. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, பொறாமை.

தரவு வட்டுகளைக் கணினியில் மாட்ட நிறுவனம் தயாரித்த அட்டையை, லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலோடு இணைக்கும் டிரைவர் நிரலை ஆறு ஆண்டுகளுக்கு முன் எழுதியவர் அவர். மொத்தம் ஒன்பதாயிரம் வரிகள். கெர்னலுக்கு வெளியே தனித்துக் கிடந்த அதை, புதுப் பதிப்பு வரும்போதெல்லாம் ஒட்டுப்போட்டுக் காப்பாற்றியவரும் அவரே. ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலேறி அதே அலுவலகத்துக்கு வேலைக்கு வந்த கிரேஸோ, கெர்னலின் சேமிப்புப் பகுதியில் எல்லா வட்டுகளுக்கும் பொதுவாக இருந்த நிரலைத் துணைகொண்டு, அதே வேலையை அறுநூறு வரிகளில் முடித்துவிட்டாள். கெர்னலுக்குள்ளேயே சேர்த்துக்கொள்ளும்படி, உலகமே படிக்கும் கெர்னல்காரர்களின் மின்மடல்குழுவுக்கும் அனுப்பிவிட்டாள்.

"இன்னா பாய், உங்க ஒம்பதாயிரத்துக்கு ரிட்டயர்மென்ட் பார்ட்டி எப்போ?" என்றார் மேலாளர் துளசிராமன்.

ஹனீபும் சிரித்துவைத்தார். அன்று மதியம் பிரியாணி வாயில் மண்ணாய்க் கரைந்தது.

அவள் அனுப்பியதை வரிவரியாகத் துழாவினார். ஓரிடத்தில் அவர் கண்கள் ஒளிர்ந்தன. அட்டையை ரீசெட் செய்தபின் இருபது மில்லிவினாடி காத்திருக்க வேண்டும். இல்லையேல் இரண்டாவது வட்டு கணினியின் கண்ணில் படாது. கையேட்டில் இல்லாத இந்தச் செய்தி, ஹனீபின் நிரலில் மட்டும், விளக்கக் குறிப்பு ஏதுமின்றி ஒற்றை வரியாக ஒளிந்திருந்தது. கிரேஸ் அதை விட்டிருந்தாள்!

மூன்று நாற்காலி தள்ளித்தான் அமர்ந்திருந்தாள். கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அவரோ மடல்குழுவுக்கே எழுதினார்: "அட்டையை அறியாதவர் எழுதியது. இரண்டாவது வட்டை இழக்கும். ஏற்கத் தகாது." அதன்பின் குடித்த தேநீர்தான் எத்தனை இனிப்பு!

அரை மணியில் சேமிப்புப் பகுதியின் பொறுப்பாளரிடமிருந்து பதில் வந்தது: "நீங்கள் பார்த்தது பழையது. திருத்திய வடிவம் காலையிலேயே வந்துவிட்டது."

திறந்து பார்த்தார். காத்திருப்பு இருந்தது. அதன் காரணமும், "கண்டறிந்தவர் ஹனீப், அவருடைய டிரைவரிலிருந்து எடுத்தது" என்ற குறிப்பும் இருந்தன.

காது மடல்கள் சுட்டன. அந்தக் குழுவுக்குப் போன மடலை எவராலும் அழிக்க இயலாது.

கிரேஸ் எழுந்து வந்தாள். "இங்கதான பாய் குந்திகினு இருக்கேன்? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"புதுசு வந்தத பாக்கலம்மா."

"நான் அத கேக்கல."

ஹனீப் திரையிலிருந்த மடலை மூடினார்.

"அந்த ஒரு வரிய உட்டுட்டு ரெண்டு நாள் பேஜாரு, பாய். எதுக்குன்னு ஒரு கமென்ட் போட்டுருந்தா இன்னா கொறஞ்சி பூடும்?" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஹனீப் இரண்டு வட்டுகளை மாட்டி, அவளுடைய புது வடிவத்தை ஏற்றி, நூறு முறை ரீசெட் செய்தார். நூறு முறையும் இரண்டாவது வட்டு ஒழுங்காக வந்து நின்றது. ஒவ்வொரு முறையும் அவர் மனம் சற்றே வாடியது.

"என் முந்தைய மடல் தவறு. நிரல் சரியாக இயங்குகிறது. சோதித்தவர்: ஹனீப்" என்று எழுதி, மறுபடி வாசிக்காமல் அனுப்பினார்.