புளூட்டோவில் எத்தனை மாடு?

பாலக்காட்டை அடுத்த நல்லேப்பிள்ளியின் முதல் கோபர் கேஸ் குழி தன் மாட்டுக் கட்டுத்தரைக்குப் பின்னால்தான் வரவேண்டும் என்று பொங்கியண்ணன் முடிவு செய்தபோது, அதில் கேஸ் வரவேண்டும் என்பதையும் சேர்த்தே முடிவு செய்திருக்கலாம். அதை விட்டுவிட்டார்.

குழி என்னவோ நல்ல குழிதான். கிணறு மாதிரி வட்டமாக வெட்டி, செங்கல் கட்டி, எட்டு மாட்டுச் சாணியைக் கரைத்து ஊற்றி, மேலே ஓர் இரும்பு டிரம்மைக் கவிழ்த்திருந்தார்கள். உள்ளே வாயு சேரச் சேர டிரம் தானாக எழும்ப வேண்டும். ஆனால் அந்த வருஷம் தை பிறந்தும் குளிர் விடவில்லை. கணவாய்க் காற்று வாளையார்ப் பக்கமிருந்து ஓயாமல் வந்து டிரம்மைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தது. உச்சி வெயிலுக்கு டிரம் நாலு விரற்கடை எழும்பும். பொழுது சாய்ந்தால், வேலை முடிந்த கிளார்க்கு மாதிரி உட்கார்ந்துவிடும்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குத் திறப்பு விழா; ஊர்ப் பேச்சில் உத்காடனம். பிளாக் ஆபீஸர் வந்து அடுப்பைப் பற்றவைப்பதாக ஏற்பாடு. பொங்கியண்ணன் ஊரையே கூப்பிட்டிருந்தார். கூப்பிடாமலே தினமும் வந்து பார்த்துக்கொண்டிருந்தவர் அடுத்த தோட்டத்து ஆறுச்சாமி.

"ஏனுங் மச்சா, கேஸு வந்துதுங்களா? இல்ல, இன்னும் சாணி மட்டுந்தானுங்களா?"

"வரும், வரும். நீ வெள்ளிக்கெழமை வந்து கண்ணாரப் பாரு."

"வாறனுங்க. நானும் வெறும் டிரம்மைப் பாத்து எத்தன நாளாச்சு!"

இப்படி இருக்கும்போதுதான், வியாழக்கிழமை சாயங்கால பஸ்ஸில் மகன் ரத்தினசாமி வந்து இறங்கினான். பாலக்காட்டுக் கல்லூரியில் பி.எஸ்ஸி. பௌதிகம், இரண்டாவது வருஷம். எதைச் சொன்னாலும் அவன் முகத்தில் ஒரு தசை அசையாது. கல்லூரியில் இதை நகைச்சுவை என்றார்கள். வீட்டில் படிப்பு என்று எடுத்துக்கொண்டார்கள்.

"ஏண்டா கண்ணு, நீ பௌதிகந்தானே படிக்கறே? இது ஏன் எந்திரிக்க மாட்டேங்குது?"

"குளுருங்கப்பா. குளுந்துட்டா வாயு வராது. புளூட்டோவுலயும் இதே கதைதானுங்க."

"அது ஆரு?"

"ஆளில்லீங்க, கெரகம். ஒம்பதாவது கெரகம். சூரியனுட்ட இருந்து ரொம்பத் தூரம். போன வருசந்தான் அமெரிக்காக்காரங்க பெரிய தூரக்கண்ணாடி வெச்சு அங்க ஒண்ணு கண்டுபுடிச்சாங்க. அங்க தரை மேல பனி உறைஞ்சு கெடக்குதுங்க. தண்ணிப் பனி இல்ல. நம்ம குழியில வருதே மீத்தேன்னு ஒரு வாயு, அதே வாயு."

காப்பி கொண்டுவந்த பழனாத்தாள் நடையிலேயே நின்றுவிட்டாள். "கெரகத்து மேலயா? சாணி கேஸா?"

"அதேதானுங்கம்மா."

பொங்கியண்ணன் தலைத்துண்டை அவிழ்த்தார். கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார்.

"அப்ப, அங்க எத்தன மாடு இருக்கோணும்!"

மனசாட்சி உள்ள எந்த மகனும் இந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருப்பான்.

"அது இன்னும் எண்ணி முடிக்கலீங்க," என்றான் ரத்தினசாமி.

பழனாத்தாளுக்குத் தலை சுற்றியது. அத்தனை மாட்டுக்கும் யார் தண்ணி காட்டுவது, அந்தக் கட்டுத்தரையை யார் கூட்டுவது என்று நினைத்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அவன் மேலே சொல்லிக்கொண்டு போனான். இதற்குப் பிறகு சொன்னதெல்லாம் பேராசிரியர் வகுப்பில் சொன்னதுதான். அங்கே ஒரு வருஷம் என்றால் நமக்கு இருநூற்று நாற்பத்தெட்டு வருஷம். அது சூரியனுக்குக் கிட்டே வரும்போது பனி உருகாமலே வாயுவாகி மேலே போகும்; அதுதான் அந்த ஊர்க் காற்று. தூரம் போகும்போது குளிர் ஏறி, அந்தக் காற்றே பனியாகித் தரையில் விழுந்துவிடும். இப்படித்தான் இருக்கும் என்று ஊகிக்கிறார்கள். இப்போது கிட்டே வந்துகொண்டிருக்கிறது. ரொம்பக் கிட்டே வர இன்னும் பன்னிரண்டு வருஷம்.

"காத்தே உழுந்துருமா?" பொங்கியண்ணன் குரல் இறங்கிவிட்டது. பிறந்த நாளிலிருந்து கணவாய்க் காற்று காதில் இரைந்துகொண்டிருக்கும் மனிதர் அவர். மழை விழும், மரம் விழும். காற்று விழும் என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை.

"ஆமாங்கப்பா."

"அப்ப நம்ம கேஸும் பனியாட்ட அடியில கெடக்குது. சூரியன் கிட்ட வந்தா எந்திரிக்கும்."

"அப்படியும் சொல்லலாமுங்க," என்று சொல்லிவிட்டு ரத்தினசாமி சாப்பிடப் போனான்.

விடியற் கருக்கலில் புகை நாற்றம் அவனை எழுப்பியது. பின்பக்கம் போய்ப் பார்த்தான். இரண்டு வருஷமாக அசையாத அந்த முகம் அன்றைக்கு மொத்தமாக அசைந்தது.

குழியைச் சுற்றி ஆளுயரத்துக்கு வைக்கோல். ஒரு பக்கம் பற்றி எரிந்துகொண்டிருந்தது. டிரம்மில் இருந்து சமையற்கட்டுக்குப் போகும் குழாய்க்கும் தீக்கும் இடையே ஒரு முழம் இருந்தால் அதிகம். பொங்கியண்ணன் விசிறி எடுத்துத் தீயை வளர்த்துக்கொண்டிருந்தார்.

"பன்னண்டு வருசம் ஆரு காத்திருக்கறது? நானே சூரியனக் கிட்டக் கொண்டாந்துட்டேன்."

ரத்தினசாமி பாய்ந்தான். குழிக்கு ஊற்றக் கரைத்து வைத்திருந்த சாணிக் கரைசல் இரண்டு குடம் பக்கத்திலிருந்தது. முதல் குடம் தீயின்மேல் விழுந்தது. இரண்டாவது குடம் அப்பாவின்மேலும் கொஞ்சம் விழுந்தது.

"அட பாவி! உத்காடனத்துக்குக் கரைச்சு வெச்சதுடா!"

"அப்பா, அதுல தீப் புடிச்சிருந்தா நம்ம மூணு பேரையும் அந்தக் கெரகத்துலதான் தேடோணும்!" அவன் குடத்தைக் கீழே வைத்தான். "மன்னிச்சுருங்கப்பா. பனி இருக்கறது நெசம். மாடு நாஞ் சொன்ன பொய்யிங்க. அங்க மாடே இல்லீங்க. ஒரு கன்னுக்குட்டி கூட இல்லீங்க."

பொங்கியண்ணன் முகத்துச் சாணியை வழித்தபடி அவனை வெறித்துப் பார்த்தார். குழி வெடித்திருந்தால்கூட அவருக்கு இத்தனை அதிர்ச்சி வந்திருக்காது.

"மாடே இல்லாம கேஸா?"

"ஆமாங்க."

"எங்கிட்டப் பொய் சொல்லாதே," என்றார் அவர். சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

அது அவசர நிலைக் காலம். ரயிலெல்லாம் நேரத்துக்கு வருவதாகப் பேப்பரில் போட்டுக்கொண்டிருந்தார்கள். நல்லேப்பிள்ளியில் ரயில் இல்லாததால் யாரும் சரிபார்க்கவில்லை. ஆனால் எட்டு மணிக்கு என்று சொன்ன ஆபீஸரின் ஜீப் எட்டு மணிக்கே வந்து நின்றபோது ஊர் ஆடிப்போய்விட்டது. பத்தரைக்கு வருவார் என்று கணக்குப் போட்டவர்கள் பாதிச் சவரத்தில் ஓடிவந்தார்கள். மைக் செட்டுக்காரர் இன்னும் சித்தூரையே தாண்டியிருக்கவில்லை.

டிரம் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தது.

பொங்கியண்ணன் புது வேட்டியும் அங்கவஸ்திரமுமாக நின்றார். இன்றைக்கு அடுப்பு எரியாவிட்டால், ஆறுச்சாமி இருக்கும்வரை தன்னை ஊர் எந்தப் பெயரால் கூப்பிடும் என்று அவருக்குத் தெரியும். ஆறுச்சாமி முன்வரிசையில் சம்மணம் போட்டு, பெயரை இப்போதே யோசித்துக்கொண்டிருந்தார். பொங்கியண்ணன் மகனைப் பார்த்தார். கண்ணைச் சிமிட்டக்கூட இல்லை.

"தொடங்ஙாம் அல்லே?" என்று மலையாளத்தில் அவசரப்படுத்தினார் ஆபீஸர், கடிகாரத்தைப் பார்த்து.

"சுவாகத பிரசங்கம் உண்டு சார்," என்று ரத்தினசாமி முன்னால் வந்தான்.

வரவேற்புப் பேச்சை வேண்டாமென்று சொல்ல எந்த ஆபீஸருக்கும் அதிகாரம் கிடையாது. அவர் உட்கார்ந்தார்.

வெயில் ஏறி டிரம் எழும்பும்வரை பேச வேண்டும்; என்ன பேசுவது என்று அவன் யோசித்திருக்கவில்லை. மனசில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். அதையே ஆரம்பித்தான். சூரியனிலிருந்து ரொம்பத் தூரத்தில் ஓர் ஊர். அங்கே நடுப்பகலிலும் மேலே நட்சத்திரம். சூரியனே ஒரு பெரிய நட்சத்திரம் அளவுக்குத்தான். தரையில், இதோ இந்தக் குழியில் இருக்கிற அதே வாயு, வெள்ளையாக உறைந்து கிடக்கிறது.

கூட்டத்தில் ஒரு சத்தம் எழுந்து அடங்கியது. காலையில் வெறும் வயிற்றில் கேட்கிற செய்தி அல்ல இது.

"அங்க எத்தன மாடுங்க மாப்பிளே?" என்றார் ஆறுச்சாமி.

"மாடு கெடையாதுங்க மாமா. மனுசங்களும் கெடையாது."

"அப்பச் சாணி ஆரு போட்டாங்க?"

"ஆரும் போடலீங்க. தானா இருக்குது."

ஆறுச்சாமியின் வாய் திறந்தது, மூடவில்லை. பெண்கள் பக்கத்தில் ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஆபீஸர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

ரத்தினசாமி கூட்டத்தின் தலைகளுக்கு மேலே டிரம்மைப் பார்த்துக்கொண்டே பேசினான். பனைகளுக்குப் பின்னால் வெயில் இப்போதுதான் ஏற ஆரம்பித்திருந்தது. டிரம் எழும்பாமல் புளூட்டோவுக்குக் கோடையைக் கொண்டுவர அவனால் முடியாது. ஆகவே அதைத் தூரமாக அனுப்பினான். இன்னும் தூரமாக அனுப்பினான். இங்கே பேரன் பிறந்து, பேரனுக்குப் பேரன் பிறந்தாலும் அங்கே குளிர் காலம் முடியாது என்றான். வீசிக்கொண்டிருந்த காற்று மெல்லிசாகி, மெல்லிசாகி, ஒருநாள் பொடிப்பொடியாகத் தரையில் இறங்கிப் படுத்துவிடும் என்றான். அப்புறம் அங்கே ஓர் இலை அசைய வேண்டுமென்றாலும் காற்று இல்லை, இலையும் இல்லை. வெயில் முதுகைச் சுட்டுக்கொண்டிருக்க, ஆட்கள் துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள். யாரோ ஒருத்தி குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

இத்தனை பேர் வாய் பிளந்து கேட்பது ரத்தினசாமிக்குப் புதிது. கல்லூரியில் அவன் பேசினால் சிரிப்பார்கள். இங்கே ஒருவரும் சிரிக்கவில்லை. அவன் சொல்வது எல்லாம் உண்மையாக இருந்ததுதான் அவனுக்கே திகிலாக இருந்தது.

வெயில் கட்டுத்தரைக் கூரையைத் தாண்டிக் குழியின்மேல் விழுந்தது. டிரம் ஒரு முனகல் முனகியது. ஒரு விரல் எழும்பியது. இரண்டு விரல். பொங்கியண்ணன் சமையற்கட்டுப் பக்கமிருந்து இரண்டு கையையும் ஆட்டினார்.

"இப்பச் சூரியன் கிட்ட வருதுங்க," என்றான் ரத்தினசாமி அவசரமாக. "பனி எல்லாம் வாயுவா எந்திரிக்குது. உத்காடனம் செய்யலாம் சார்!"

ஆபீஸர் எழுந்து போனார். பொங்கியண்ணன் குழாயைத் திறந்தார். தீக்குச்சியைக் கிழித்தபோதும் ஆபீஸருடைய தலை வாசல் பக்கமே திரும்பியிருந்தது. "பின்னே? கிட்டே வந்து திரும்பிப் போகுமல்லோ? அப்போள்?" என்று கேட்டுக்கொண்டே அடுப்பில் வைத்தார். பப்பென்று பிடித்தது. நீலமாக, வட்டமாக, புகையே இல்லாமல் நின்று எரிந்தது. ஆபீஸர் அதைப் பார்க்காமலே வெளியே ஓடிவந்து நாற்காலியைப் பிடித்தார்.

யாரும் கை தட்டவில்லை. யாரும் உள்ளே வரவில்லை. வாசலில் ஊரே ரத்தினசாமியைச் சுற்றி நெருக்கி, ஆளுக்கொரு கேள்வி கேட்டுக்கொண்டிருந்தது. உள்ளே பழனாத்தாள் மட்டும் தீயைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"நல்லா எரியுதுங்க," என்றாள்.

பொங்கியண்ணன் அடுப்பின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். எத்தனை நாளாகச் சாணி கரைத்த கை. வாசலை எட்டிப் பார்த்தார். ஒரு தலையாவது இந்தப் பக்கம் திரும்புமா என்று பார்த்தார். திரும்பவில்லை. கேஸ் வீணாக வேண்டாம் என்று குழாயை மூடினார்.

அவர் வெளியே வருவதைக் கூட்டத்துக்குள்ளிருந்து ரத்தினசாமி பார்த்துவிட்டான். அப்பாவின் உத்காடனத்தைக் காப்பாற்றப் போய் அதைத் தின்றுவிட்டோம். இப்போது திட்டுவார். திட்டட்டும். ஊர் முன்னால் அடித்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

பொங்கியண்ணன் வந்தார். திட்டவில்லை. ஆறுச்சாமியைத் தள்ளி உட்காரச் சொல்லி, புது வேட்டியோடு மண்ணில் உட்கார்ந்தார். பிறகு கையைத் தூக்கினார்.

"ஏனுங்க, எனக்கொரு சந்தேகமுங்க. அந்தக் காத்து மேல இருந்து கீழ உழுகறப்ப, சத்தம் கேக்குமுங்களா?"

இருபது வருஷத்தில் அப்பா அவனிடம் ஒரு 'ங்க' போட்டதில்லை. ஊரே பதிலுக்காகக் காத்திருந்தது. ஏதாவது சொல்லிவிடலாம், முகமும் அதற்குத் தகுந்தபடி அசையாமல்தான் இருந்தது. ஆனால் இந்தத் தடவை பொய் சொல்ல வாய் வரவில்லை.

"எனக்குத் தெரியலீங்கப்பா," என்றான்.