காற்று வேண்டாத சேறு

என் கணவர் பெனோவின் இரக்க குணத்தால் என் மூன்று மாத உழைப்பு பாழாய்ப் போனது 1994 ஜூலையில்.

ஊருணிச் சேற்றில் துருப்பொடி கலந்து, ஆறு புட்டிகளில் அடைத்து, காற்றுப் புகாமல் இறுக மூடிக் கோட்டையூரில் எங்கள் வீட்டு உள்ளறையில் வைத்திருந்தேன். காரைக்குடியில் நான் வேலை பார்த்த ஆய்வகத்தின் தலைவருக்குச் சேற்று நாற்றம் ஆகாது. ஆகஸ்டு முடிவதற்குள் ஆறும் கறுக்காவிட்டால் இந்த ஆராய்ச்சியை மூட்டை கட்டிவிட வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். எனக்கோ அதுதான் உயிர்.

சேற்றிலிருக்கும் நுண்ணுயிர்களுக்கும் மூச்சு உண்டு. சாப்பிட்டதிலிருந்து வரும் எலக்ட்ரான்களை எங்காவது இறக்கிவைத்தாக வேண்டும். நாம் உள்ளே இழுக்கும் ஆக்சிஜனிடம் கொடுத்துவிடுகிறோம். காற்றே இல்லாத இடத்தில் வாழும் இவை, உடம்புக்கு வெளியே கிடக்கும் துருவைத் தொட்டு அதனிடம் தள்ளிவிடும். வாங்கிக்கொண்ட துரு சிவப்பு போய்க் கறுக்கும். இதையெல்லாம் பெனோவிடம் ஆசையாகச் சொல்லியிருந்தேன். பள்ளிக்கூட வாத்தியார்தானே, புரிந்திருக்கும் என்று நினைத்தது என் தப்பு. மூச்சு விடும் என்பதை மட்டும் மனிதர் பிடித்துக்கொண்டார்.

நான்கு நாள் மெட்ராஸ் போய்த் திரும்பினால் ஆறு புட்டியும் திறந்து கிடக்கின்றன. பாதி கறுத்திருந்த சேறு மேலே மறுபடி சிவந்திருந்தது. காற்றுப் பட்டால் இந்த உயிர்கள் தாங்காது. வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் தீர்த்தேன்.

"ஏன் திறந்தீக?"

"மூச்சு முட்டுமேன்னு பாவமா இருந்துச்சு, அனிதா."

அவர் சின்ன வயதிலிருந்தே இழுப்பு நோய்க்காரர். மூச்சு முட்டினால் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். அதற்குமேல் திட்ட எனக்கு வாய் வரவில்லை, அழுகைதான் வந்தது.

ஞாயிறு பூசை முடிந்ததும் அவரே ஊருணியில் முழங்கால் ஆழம் இறங்கிச் சேறு அள்ளினார். சீக்கிரம் கறுக்கட்டும் என்று துருவைக் குறைத்துப்போட்டு நான் நிரப்ப, மூடிகளை அவர் திருகினார். மிச்சம் முப்பத்தெட்டே நாள். தினமும் மதியம் சாப்பிட வீட்டுக்கு வரும்போது புட்டிகளைப் பார்ப்பது அவர் வேலையாயிற்று. ஆகஸ்டு இருபத்தெட்டிலும் இரண்டு புட்டிகள் அடம்பிடித்துச் சிவப்பாகவே இருந்தன.

மறுநாள் உச்சி வெயிலில், ஆய்வக வாசலில் உங்கள் வீட்டுக்காரர் நிற்கிறார் என்று வந்து சொன்னார்கள். ஓடினேன். சைக்கிளைப் பிடித்தபடி, நெஞ்சு விசிலடிக்க நின்றார் பெனோ. அந்தப் புழுதியில் அத்தனை தூரம் மிதித்து வந்திருக்கிறார். உட்காரச் சொல்லிப் பிடித்தால் கையை விலக்குகிறார், பேச்சு வரவில்லை. கிடைத்த முதல் மூச்சில் சொன்னார்:

"ஆறும் கறுத்துருச்சு. நல்லா மூச்சு விடுதுக."