விமலாராணி சொன்ன படம்

அமிர்தநாதனோடு உட்கார்ந்து ஒரு படம் பார்ப்பதற்குப் பல்லைப் பிடுங்கிக்கொள்ளலாம் என்று புலியகுளத்தில் அவருடைய சொந்தக்காரர்கள் பேசிக்கொள்வது உண்டு. பேச்சில் நியாயம் இல்லாமல் இல்லை. கதாநாயகி அழுதால், அவளுக்குப் பின்னால் ஜன்னல் ஏன் பாதி திறந்திருக்கிறது என்று கேட்பார். சண்டை வந்தால், ஒரு நிமிஷத்தில் எத்தனை ஷாட் என்று விரல் விட்டு எண்ணுவார். இன்சூரன்ஸ் ஆபீஸ் வேலை சோற்றுக்கு. மாலையில் பார்த்த திரைப்படச் சங்கத்தின் செயலாளர் வேலைதான் அவருக்கு உயிர்.

மனைவி விமலாராணி நேர் எதிர். தியேட்டரில் விளக்கை அணைத்ததும் கதைக்குள் போய்விடுவாள், விளக்கைப் போட்ட பிறகுதான் திரும்பி வருவாள். படம் எப்படி என்று கேட்டால், "பாவமுங்க அந்தப் பொண்ணு" என்பாள். அவள் விமர்சனம் அவ்வளவுதான். கல்யாணமான நாளிலிருந்து இருவரும் சேர்ந்துதான் படம் பார்த்தார்கள். அவர் விளக்கம் சொல்வார், அவள் உம் கொட்டுவாள், ஆனால் காதில் வாங்கமாட்டாள். வண்டி அப்படியே ஓடியது.

அந்த ஓட்டத்தைக் கெடுத்தது அமிர்தநாதனின் வாய்தான். பதினொரு வருஷத்துக்கு முன்னால் சங்கத்தின் ஆண்டு விழாவில், ரசிகனை அழவைக்கும் தந்திரங்கள் பற்றிப் பேசினார். அரங்கு நிறைந்திருந்தது. உற்சாகத்தில், "என் மனைவியையே எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். "போன வாரம் ஒரு படம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் காய்ச்சலோடு ஒரு குழந்தை. வயலின் ஆரம்பித்த நாலாவது விநாடி இவர் முந்தானையால் கண்ணைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். டைரக்டர் கயிற்றை இழுக்கிறார், இவர் அழுகிறார். பொம்மலாட்டம்!" அரங்கு கைதட்டிச் சிரித்தது. மூன்றாவது வரிசையில் இருந்த விமலாராணியும் என்ன செய்வதென்று தெரியாமல் சிரித்தாள்.

அவர்களுக்கு ஒரு மகள் இருந்தாள். ஆஷ்லி. நாலு வயதில், மூன்றே நாள் காய்ச்சலில் ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே போய்விட்டாள். விமலா அழுதது அந்தக் கட்டிலைப் பார்த்து என்பது மேடையில் நின்ற மனிதருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் சொன்னார். உதாரணம் அவ்வளவு பொருத்தமாக அமைந்துவிட்டது, விட மனசு வரவில்லை. வருஷா வருஷம் தவக்காலத்தில் மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழங்காலிட்டு, செய்த தப்பு எல்லாவற்றையும் சொல்வார். இதை மட்டும் இதுவரை எந்தச் சாமியாரிடமும் சொன்னதில்லை.

அன்று விழா முடிந்து பஸ்ஸில் வரும்போது விமலா, "இனிமே உங்களோட சினிமாவுக்கு வரலீங்க" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதன் பிறகு பக்கத்து வீட்டு ரங்கம்மாளோடு மேட்னி போய்வந்தாள். சமையல், மாத்திரை, கோயில் எதிலும் குறை வைக்கவில்லை. சினிமா மட்டும் இல்லை. நாலு நாளில் சரியாகிவிடும் என்று அமிர்தநாதன் இருந்தார். பதினொரு வருஷம் ஆகியும் சரியாகவில்லை.

இதற்கிடையில் சர்க்கரை அவர் கண்ணுக்குள் புகுந்தது. லேசர் வைத்தார்கள், ஊசி போட்டார்கள், ஆபரேஷனும் செய்தார்கள். கடைசியில் வெளிச்சம் எது, இருட்டு எது என்பது மட்டும் மிஞ்சியது. சங்கத்து நண்பர்கள் முதலில் அடிக்கடி வந்தார்கள், அப்புறம் போன் செய்தார்கள், பிறகு அதுவும் நின்றது.

போன மாதம் ரங்கம்மாள் முட்டி ஆபரேஷன் செய்துகொண்டு படுத்துவிட்டாள். விமலாவுக்குத் துணை இல்லை. இரண்டு நாள் யோசித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு அமிர்தநாதன் கேட்டார்.

"என்னைக் கூட்டிட்டுப் போவியா, விமலா?"

"கண்ணு தெரியாம அங்க வந்து என்ன பண்ணுவீங்க?"

"நீ சொல்லு. நான் கேட்டுக்கறேன்."

குக்கர் மூன்று முறை கூவியது.

"சொல்றேனுங்க. ஆனா எனக்கு அழுகை வந்தா அழுவேன். அதப் பத்தி உங்க வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்துச்சுன்னா, பாதியில எந்திரிச்சு வந்துபோடுவேன். அதோட செரி."

அமிர்தநாதன் தலையாட்டினார். இந்த ஒரு தடவை பிசகினால் இனி அவள் பக்கத்து சீட் தனக்கு இல்லை என்று அவருக்குத் தெரியும். படத்துக்குக் கிளம்பும்போது, தேர்வுக்குப் போகிற பையனைப்போல சட்டையை இரண்டு முறை மாற்றினார்.

ஞாயிற்றுக்கிழமை மேட்னி. கூட்டம் அதிகமில்லை. கடைசி வரிசை ஓரமாக உட்கார்ந்து, விமலா அவர் காதோரம் சொல்ல ஆரம்பித்தாள். பல்லடம் பக்கம் தறி ஓட்டுகிற ஒரு பெண், அவளுக்கு ஒரு சின்ன மகள். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, அவருடைய பழக்கம் தலைநீட்டியது.

"கேமரா எங்க இருக்கு? மேலயா, கீழயா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியலீங்க. அந்தப் பொண்ணு அவசரத்துல ரெண்டு காலுக்கும் வேற வேற செருப்பு போட்டுட்டு ஓடுதுங்க."

அமிர்தநாதன் எத்தனையோ ஆயிரம் படம் பார்த்திருக்கிறார். ஒரு தாயின் காலில் என்ன இருந்தது என்று பார்த்ததாக அவருக்கு ஞாபகம் இல்லை. அப்புறம் அவர் கேமராவைப் பற்றிக் கேட்கவில்லை. அவள் சொல்லச் சொல்ல, பல வருஷத்துக்குப் பிறகு அவருக்குக் கதை மட்டும் தெரிந்தது.

இடைவேளைக்குப் பிறகு அந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. பஸ் வரவில்லை. தாய் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாள். விமலாவின் குரல் தேய்ந்துகொண்டே வந்தது. "கட்டில்ல படுக்க வெச்சிருக்காங்க" என்றாள். பிறகு பேச்சு நின்றுவிட்டது. வயலின் மெல்ல எழுந்து, உயர்ந்து, பாதியில் சட்டென்று அறுந்தது. இசை இப்படி அறுந்தால் என்ன அர்த்தம் என்று அமிர்தநாதன் பன்னிரண்டு பக்கக் கட்டுரையே எழுதியிருக்கிறார். முன் வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

"என்னாச்சு விமலா?"

அவள் அவர் காதருகே குனிந்தாள்.

"கொழந்த கண்ணு முழிச்சுருச்சுங்க."

அவருக்குத் தெரிந்துவிட்டது. அவள் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, அவர் அதைப் பிய்த்துப் போடுவாரா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறாள். பிய்த்துப் போடத்தான் இத்தனை காலமும் படித்திருந்தார். நாக்கு நுனிவரை வந்ததை முழுங்கினார்.

"முழிச்சு என்ன பண்ணுது?"

இருட்டில் அவள் கை வந்து அவர் கையைப் பிடித்தது.

"தண்ணி கேக்குதுங்க. குடிச்சுபோட்டு... அம்மாவப் பாத்துச் சிரிக்குது."

திரையில் மண்வெட்டி மண்ணைக் கொத்தும் சத்தம் கேட்டது. ஒரு கொத்து, இன்னொரு கொத்து. அவளுக்கும் அது கேட்காமல் இருக்காது. அவள் அழுதுகொண்டே சொன்னாள், நிறுத்தவில்லை.

"காய்ச்சல் உட்டுப்போச்சுன்னு டாக்டர் சொல்லிட்டாருங்க. ஊட்டுக்குப் போலாம்னு அடம் புடிக்குது."

"கூட்டிட்டுப் போறாங்களா?"

"போறாங்க. அப்பன் தோள் மேல தூக்கிக்கிட்டாருங்க."

இதுவரை அவள் சொன்ன கதையில் அப்பன் என்று ஒருவன் வரவே இல்லை. அமிர்தநாதனின் பார்வையற்ற கண்களிலிருந்து கண்ணீர் வழிந்து சட்டைக் காலரில் இறங்கியது. மண் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவர் அவள் பக்கமாகச் சாய்ந்தார்.

"பத்திரமாத் தூக்கிட்டு வரச் சொல்லு, விமலா."