தவசிக்குக் கேட்காத கல்

நாங்கள் நிலாவில் குடியிருக்கிறோம். இங்கே காற்று கிடையாது. அதனால் யாரோடாவது பேச வேண்டுமென்றால் அவர் நெற்றியில் நம் நெற்றியை வைத்துத்தான் பேச வேண்டும். வானத்திலிருந்து கல் விழுந்தால் மட்டும் எல்லோருக்கும் கேட்கும். சத்தம் தரை வழியாக வந்து உள்ளங்காலில் ஏறும். கால் தரையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

என் தங்கை கனகமணியின் வீட்டின் மேல் கல் விழுந்தபோது, அவள் புருஷன் தவசியின் கால் தரையில் இல்லை. வேலை முடிந்து வருகிற வழியில் ஒரு வெடிப்பைத் தாண்டக் குதித்திருந்தார். இங்கே குதித்தால் இறங்க நேரமாகும். கனகமணி எங்கள் வீட்டில் என் மனைவியோடு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். சத்தம் வந்ததும் எழுந்து என் நெற்றியில் நெற்றியை வைத்து, "அண்ணே, எங்க வீடு" என்றாள்.

நாங்கள் போனபோது வீடு இருந்த இடத்தில் வட்டமாக ஒரு பள்ளம் இருந்தது. சற்றுப் பொறுத்துத் தவசி வந்தார். வாசல் இருந்த இடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், நாற்காலி இருந்த இடத்தில் உட்கார்ந்தார். அங்கே ஒன்றும் இல்லை. ஆனாலும் அது அவரைத் தாங்கியது.

நான் இறங்கிப் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"கல்லு விழுந்தா கேட்டிருக்கும்ல மச்சான்? எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்றார். காப்பி குடிக்கிறீர்களா என்றும் கேட்டார். அவர் சொல்வதில் நியாயம் இருந்ததால் நான் வாதாடவில்லை.

அவர் அங்கேயே இருந்துகொண்டார். கனகமணி எங்களோடு தங்கினாள். சாப்பாடு கொண்டுபோனால், சொந்த அடுப்படி இருக்கும்போது இது எதற்கு என்று திருப்பி அனுப்பினார். நாளாக ஆக, பெண்டாட்டி தன்னை விட்டுப் போய்விட்டாள் என்று முடிவுக்கு வந்து, யாருக்கும் நெற்றி கொடுப்பதை நிறுத்திவிட்டார். ஆள் மெலிந்துகொண்டே போனார். கனகமணியும் சரியாகச் சாப்பிடுவதில்லை.

ஒரு நாள் காலையில் அவள் பள்ளத்துக்குள் இறங்கினாள். நான் விளிம்பில் நின்றேன். தவசி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் காத்திருந்தாள். கடைசியில் அவர் நெற்றியைக் கொடுத்தார்.

அன்று காலால் கேட்டதை அவள் வாயால் சொன்னாள். கல் இறங்கியது, கூரை உள்வாங்கியது, சுவர் பிளந்தது, பாத்திரங்கள் உருண்டது, கடைசியாகப் புழுதி படிந்தது வரை ஒன்றையும் விடவில்லை. அந்தச் சத்தமெல்லாம் தரை வழியாக என் உள்ளங்காலுக்கும் வந்தது. அவள் முடித்தபோது தவசி உட்கார்ந்திருந்த இடம் அவரை விட்டுவிட்டது. மெதுவாகத் தரைக்கு வந்து சேர்ந்தார்.

அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான் என்று கனகமணி பிறகு சொன்னாள்.

"நீ உள்ள இருந்தியா?"

"இல்லைங்க. அண்ணன் வீட்டுல இருந்தேன்."

அதற்குப் பிறகும் அவர் நெற்றியை எடுக்கவில்லை. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூவரும் வீட்டுக்கு நடந்தோம். பள்ளமும் பின்னாலேயே வந்தது. வாசலுக்கு வெளியே கொஞ்சம் தயங்கி நின்றது. என் மனைவி கையசைத்து அதையும் உள்ளே கூப்பிட்டுவிட்டு, இன்னொரு கை அரிசி கூடுதலாகக் களைந்து போட்டாள்.