நானூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள்

“‘கொடிய நோயோடு இறுதி மூச்சுவரை போராடி’ எண்டு போடு பிள்ளை” என்றார் பேரின்பம் மாமா. நிரஞ்சலாவின் விரல்கள் ‘நோயோடு’ வரைக்கும் வந்து நின்றுவிட்டன.

மாமா அம்மாவின் மூத்த அண்ணன். ஒடென்சே நகரில் எந்தத் தமிழர் செத்தாலும் அடக்கப் பூசையில் வாசிக்கிற வாழ்க்கைக் குறிப்பை எழுதிக்கொடுப்பது அவர்தான். முப்பது வருடமாக எழுதி எழுதி அது அவருக்குக் கைவந்துவிட்டது. பெயரையும் ஊரையும் மாற்றினால் போதும் என்கிற மாதிரித்தான் எல்லாரும் வாழ்ந்து முடித்திருந்தார்கள். இந்த முறை சொந்தத் தங்கச்சி. கண்ணாடியை இரண்டு தரம் கழற்றித் துடைத்தார். ஆனாலும் வாயில் வந்தவை அதே பழைய வசனங்கள்தான்.

“போட்டிட்டியோ?”

“போடுறன் மாமா.”

அவள் போடவில்லை. கணினியைச் சற்றுத் திருப்பி வைத்துக்கொண்டாள்.

அம்மா திங்கட்கிழமை போனாள். இன்று வியாழன். அடக்கம் சனிக்கிழமைதான். இந்த டேனிஷ் நாட்டில் செத்தவர்களும் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். அதுவரை வைலே நகரின் அந்த மூன்றாம் மாடி வீட்டுக்கு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். நான்கு நாளாக அடுப்பு மூட்டவில்லை. மற்ற வீடுகளிலிருந்து வந்த இடியப்பமும் சொதியும் குசினி மேசையில் அடுக்கியிருந்தன. எந்தச் சட்டி யாருடையது என்று ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டுவது நிரஞ்சலாவின் வேலை. அதோடு, அம்மா எப்படிப் போனாள் என்ற கதையை வருகிற ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்வதும் அவள் வேலை. கேட்டு முடித்துவிட்டு எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள்: “கொம்மா பலமான மனுசி.” சொல்லிவிட்டுத் தேத்தண்ணியை எடுத்தார்கள். நிரஞ்சலாவுக்கு அலுத்துவிட்டது. அழக்கூட அலுப்பாக இருந்தது.

அம்மா போராடவில்லை. அது நிரஞ்சலாவுக்கு மட்டும் தெரியும்.

தை மாதம் ஒரு புதன்கிழமை. மூன்றாவது சுற்று மருந்து ஏற்றுவதைப் பற்றிப் பேச டொக்டர் வரச் சொல்லியிருந்தார். ஓகூஸ் நகரில் மருந்துக்கடையில் வேலை செய்யும் நிரஞ்சலா லீவு போட்டு வந்து அம்மாவைக் கூட்டிப்போனாள். கார் நிறுத்த இடம் தேடிவிட்டு அவள் உள்ளே போவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அம்மா ஓவர்கோட்டின் பொத்தானைப் பூட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

“வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டன்” என்றாள்.

“என்னம்மா வேண்டாம்?”

“மருந்து. இனிக் காணும். அப்பாவுக்குச் சொல்லாத. அந்த மனுசன் நான் நோயோட சண்டை பிடிக்கிறன் எண்டு நினைச்சுக்கொண்டுதான் நடமாடுது. அப்பிடியே இருக்கட்டும்.”

வீட்டுக்கு வந்தபோது அப்பா வாசலில் நின்று கேட்டார்: “என்னவாம்?”

அந்த ‘என்னவாம்?’ நிரஞ்சலாவுக்கு ஏழு வயதிலிருந்தே பழக்கம். பள்ளிக்கூட ஆசிரியை, நகரசபைக்காரி, பல் டொக்டர் என்று யார் வாய் திறந்தாலும் அப்பா அவள் பக்கம் திரும்பி அதைத்தான் கேட்பார். அப்பா குருசுமுத்து இருபத்தாறு வருடம் பன்றி இறைச்சித் தொழிற்சாலையில் நின்றவர். அவருடைய டேனிஷ் அந்தத் தொழிற்சாலையோடு முடிந்துவிட்டது. அதனால் மற்றதெல்லாம் மகள் வாய் வழியாகத்தான் அவருக்கு வந்தது, வருகிற வழியில் கொஞ்சம் நல்லதாகியும் வந்தது. ‘இந்தப் பிள்ளை வகுப்பில் வாய் ஓயாமல் கதைக்கிறது’ என்று ஆசிரியை சொன்னதை ‘கெட்டிக்காரியாம்’ என்று சொன்னதில் அது தொடங்கியது. பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. வாசலில் நின்ற அப்பாவிடமும் அப்படித்தான் சொன்னாள்: “கொஞ்ச நாளைக்கு ஓய்வாம் அப்பா. பிறகு பாப்பம் எண்டு டொக்டர் சொல்லுறார்.” சொல்லிவிட்டு அன்று பின்னேரமே ஓகூஸுக்குக் கார் ஓட்டிப் போய்விட்டாள்.

இப்போது சித்திரை. அழைப்பு மணி அடித்தது.

வந்தவர் இங்கர். ஓய்வுபெற்ற நூலகர். நகர நூலகத்தில் மாதமொருமுறை கூடும் வாசகர் வட்டம் அவருடையது. ஏழு டேனிஷ் பெண்களும் அம்மாவுமாக ஆறு வருடம் அந்த வட்டம் ஓடியது. முதியோர் இல்லத்தில் கிழவிகளைக் குளிப்பாட்டியபடி அவர்களோடு கதைத்துக் கதைத்து அம்மா டேனிஷ் படித்தவள். ஒரு கிழவிதான் அவளை அந்த வட்டத்துக்கு அனுப்பி வைத்தாள். புத்தகம் வாசிக்கவும் கூட்டம் போடுகிறார்கள் என்று அப்பா சிரிப்பார்.

இங்கர் வெள்ளைப் பூங்கொத்தைக் கொடுத்துவிட்டு, சப்பாத்தைக் கழற்றி வரிசையாக வைத்துவிட்டு, கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். மாமா எழும்பித் தன் கதிரையையும் தரப்பார்த்தார். அறையில் இருந்த எல்லாரும் கதையை நிறுத்தினார்கள்.

“உன் அப்பாவிடம் ஒன்று சொல்ல வேண்டும்” என்றார் இங்கர் டேனிஷில், முதியவர்களிடம் பேசிப் பழகிய நிதானத்தோடு. “நான் சொல்வதை அவருக்குச் சொல்வாயா?”

நிரஞ்சலா தலையாட்டினாள். அப்பா கைகளை மடியில் வைத்துக்கொண்டு இங்கரைப் பார்த்தார்.

“உன் அம்மா அமலாவோடு கடைசியாக நாங்கள் வாசித்தது ஒரு கறுப்பினப் பெண்ணைப் பற்றிய நாவல். வெர்லீன் என்று பெயர். துறைமுக நகரத்தில் ஆஸ்பத்திரித் துணி துவைப்பவள். புருசன் விட்டுவிட்டுப் போகிறான், ஒரு மகன் சாகிறான், வீடு எரிகிறது. ஒவ்வொரு முறையும் எழும்பி நிற்கிறாள்.”

நிரஞ்சலா அதைச் சரியாகவே சொன்னாள். அந்தப் புத்தகம் அவளுக்குத் தெரியும். அம்மா தொலைபேசியில் சொல்லிச் சிரித்திருக்கிறாள்: “அந்தப் புத்தகம் எண்டோடனே எல்லாரும் என்னைத்தான் பாக்கினம் பிள்ளை, ஏதோ நான்தான் எழுதினமாதிரி. அவளுக்கும் எனக்கும் தோல் மட்டும்தான் கறுப்பு, அவள் துவைச்ச துணியில பத்திலொண்டு நான் துவைச்சிருக்க மாட்டன்.”

“எங்களுக்குள் ஒரு வழக்கம்” என்றார் இங்கர். “பேசத் தொடங்குமுன் ஆளுக்கொரு சொல் சொல்ல வேண்டும். அன்றைக்கு நாங்கள் ஏழு பேரும் ‘பலமானவள்’ என்றே சொன்னோம். வேறு சொல் தேடக்கூட இல்லை. எனக்கு இப்போது அது வெட்கமாக இருக்கிறது. ஒருத்தி, தான் சோர்ந்தபோதெல்லாம் வெர்லீனை நினைத்துக்கொள்வேன் என்றாள். கடைசியில் அமலாவின் முறை வந்தது.”

அவர் நிறுத்தினார். நிரஞ்சலா அதுவரைக்கும் தமிழில் சொன்னாள். அறையில் யாரோ ‘பாவம்’ என்றார்கள்.

“அமலா சொன்னாள்: நானூற்றுப் பன்னிரண்டு பக்கமும் நான் ஒன்றுக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தேன். இவள் ஒரு தடவையாவது ‘போதும்’ என்று சொல்லிவிட்டுக் கட்டிலில் படுப்பாள் என்று. கடைசிப் பக்கத்திலும் எழும்பித் துணி துவைக்கிறாள். இவளைப் பலமானவள் என்று சொல்கிற யாராவது அந்த வாளியை ஒருக்கால் தூக்கிக் கொடுத்தார்களா? எனக்குக் களைப்பாக இருக்கிறது. நாளைக்கு டொக்டரிடம் நான் ‘போதும்’ என்று சொல்லப் போகிறேன்.”

நாளைக்கு. அப்படியென்றால் அது அந்தப் புதனுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை. பெற்ற மகளுக்கு முன்னால் ஏழு டேனிஷ்காரிகளுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தச் சுமை தன் ஒருத்தியின் தலையில் மட்டும்தான் என்று மூன்று மாதமாக நினைத்திருந்தாள். அதில் ஒரு பெருமையும் இருந்ததென்று இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை.

“நாங்கள் ஒன்றும் பேசவில்லை” என்றார் இங்கர். அவர் கண் கலங்கியிருந்தது. “பிறகு அமலா இன்னொரு கோப்பி கேட்டாள். ஆறு வருடத்தில் வாசகர் வட்டத்தில் நான் கேட்ட மிக நல்ல பேச்சு அது. அதை உன் அப்பாவுக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் வந்தேன்.”

அப்பா நிரஞ்சலாவின் பக்கம் திரும்பினார்.

“என்னவாம்?”

மாமா பார்த்துக்கொண்டிருந்தார். சுவரோரக் கதிரைகளில் இருந்த பதினொரு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அம்மாவைப் பற்றிப் பெருமையாச் சொல்லுறா அப்பா. அந்தப் புத்தகத்தில வாற பொம்பிளை மாதிரி அம்மாவும் பலமான ஆளாம். கடைசி வரைக்கும் விட்டுக்குடுக்கேல்லையாம்.”

“அதுதானே” என்றார் மாமா. “வெள்ளைக்காரிக்கே விளங்கியிருக்கு.”

மற்றவர்கள் தலையாட்டினார்கள். ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். வேலை முடிந்தது என்று நிரஞ்சலா கோப்பி எடுக்க எழும்பினாள்.

அப்பா அசையவில்லை. அவர் இங்கரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நோக்?” என்றார்.

போதும் என்பதற்கான டேனிஷ் சொல் அது. வேலை முடிகிற நேரம் மேற்பார்வைக்காரன் கையை உயர்த்திச் சொல்கிற சொல். இருபத்தாறு வருடம் தினமும் கேட்டது.

“ஆம். நோக்” என்றார் இங்கர்.

“அவளுக்குக் களைப்பு?” அப்பா அதையும் டேனிஷில் கேட்டார். சொற்கள் முறிந்து முறிந்துதான் வந்தன. ஆனால் யாருடைய உதவியும் இல்லாமல் வந்தன.

“ஆம். மிகவும் களைப்பு.”

அப்பா மெல்ல நிரஞ்சலாவின் பக்கம் திரும்பினார்.

“அவ அப்பிடிச் சொல்லேல்லையே பிள்ளை.”

நிரஞ்சலா நின்ற இடத்திலேயே நின்றாள். அம்மா போய்விட்டாள். இந்த மனுசனும் இனித் தன்னை நம்பாமல் போய்விட்டால் தனக்கு யார் இருக்கிறார்கள் என்று நினைத்தாள்.

“உனக்கும் தெரியுமோ?”

“ஓம் அப்பா.”

“எப்ப சொன்னவ டொக்டரிட்ட?”

“தை மாதம். நான் கூட்டிக்கொண்டு போன அந்தப் புதன்கிழமை. உங்களுக்குச் சொல்ல வேண்டாம் எண்டவ.”

மாமா தொண்டையைச் செருமினார். “மச்சான், இதை இப்ப எல்லாருக்கும் முன்னால...”

“பேரின்பம்” என்றார் அப்பா. “அந்தப் போராடினதை எடு.”

“எல்லாருக்கும் அப்பிடித்தானே போடுறது.”

“எடு.”

“அப்ப அந்த இடத்தில என்னத்தைப் போடுறது?”

“ஒண்டும் போட வேண்டாம். களைச்சுப்போனவ. அவ்வளவுதான்.”

மாமா கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். இந்தத் தரம் துடைக்கவில்லை. சுவரோரம் இருந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். கீழே தெருவில் பேருந்து ஒன்று நின்று கதவு திறந்து மூடியது கேட்டது.

திட்டுவார் என்று நிரஞ்சலா காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் போலிருந்தது. அப்பா திட்டவில்லை. அவர் விரல்களை மடித்து ஏதோ நாள்கணக்குப் பார்ப்பவர்போல் இருந்தார்.

“அந்தப் புதன்கிழமை” என்றார். “நீ ஓகூஸுக்குப் போனாப்பிறகு நான் புட்டு அவிச்சனான். மத்தி மீன் குழம்பும் வைச்சன். எவ்வளவு நாளா ஒண்டும் தொண்டைக்குள்ள இறங்காமல் கிடந்தவ. அண்டைக்கு இரண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவ. விரலையும் சூப்பினவ.”

அவர் மடித்த விரல்களை விரித்தார்.

“மருந்து வேலை செய்யத் துவங்கியிட்டுது எண்டு நான் நினைச்சன். மாதாவுக்கு மெழுகுதிரியும் கொளுத்தினன்.”

தான் ஏதோ தவறு செய்துவிட்டோமோ என்று இங்கர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு நிரஞ்சலாவின் கையைத் தொட்டார்.

“அவர் என்ன சொல்கிறார்?”

நிரஞ்சலா இங்கருக்கு அருகில் உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளின் பின்னேரம் அப்பா சமைத்ததைச் சொன்னாள். புட்டுக்கு டேனிஷில் சொல் இல்லை. அரிசிமாவும் தேங்காய்ப்பூவும் சேர்த்து ஆவியில் அவிப்பது என்று சொன்னாள். அம்மா இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டதைச் சொன்னாள். விரல் சூப்பியதைச் சொன்னாள். அப்பா நினைத்ததையும், மெழுகுதிரி கொளுத்தியதையும் சொன்னாள். ஒன்றையும் கூட்டவில்லை, ஒன்றையும் குறைக்கவில்லை. அவள் சொல்லி முடிக்கும்வரை, தான் சொன்னது சரியாகப் போய்ச் சேர்கிறதா என்று அப்பா இங்கரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.